நாயகருக்கு முன்பே வந்த வாசகர்



தமிழ் இலக்கிய மேடைகளில் சூப்பர் ஹீரோ காமிக்ஸுக்கு இடம் கிடைப்பதே அபூர்வம். அதிலும் தன்பாலீர்ப்பாளரும் இருபாலீர்ப்பாளரும் திருநரும், அதாவது இன்று பால்புதுமையர் என்று நாம் சேர்த்துச் சொல்லும் எல்லோரும், அந்தக் கதைகளை எப்படி வாசித்தார்கள் என்று பேசுவதற்கு ஒரு மாலைப்பொழுதையே ஒதுக்கியிருக்கிறீர்கள். நன்றி. அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ஆய்வாளர் என்று போட்டிருக்கிறது. ரசிகன் என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். ஆய்வாளருக்கு இருபது வருடத்துத் தொடர் ஒரே நாளில் மேசைக்கு வந்துவிடும். ரசிகனோ மாதாமாதம் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தவன். பாதியில் தொடர் நின்றுபோனால் யாரிடம் முறையிடுவது என்று தெரியாதவன். நான் தன்பாலீர்ப்பாளன், சிறுவயதிலிருந்தே காமிக்ஸ் படிப்பவன். இந்த இரண்டு தகுதிகளோடுதான் பேச வந்திருக்கிறேன்.

இந்த வரலாற்றைப் பொதுவாக ஒரு மாதிரியாகத்தான் சொல்வார்கள். முதல் தன்பாலீர்ப்பு நாயகர் இந்த ஆண்டு வந்தார், முதல் முத்தம் இந்த இதழில், முதல் திருமணம் அந்த இதழில் என்று பட்டியல் நீளும். அதைக் கேட்டால் பெரிய பதிப்பு நிறுவனங்கள் மெல்ல மெல்ல மனம் கனிந்து எங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதுபோல் இருக்கும். நான் மறுபக்கத்திலிருந்து சொல்கிறேன். நாயகர் வருவதற்கு வெகுகாலம் முன்பே வாசகர் வந்துவிட்டார். அதற்கு அச்சில் முதன்முதலாகச் சாட்சி சொன்னவர் எங்கள் நண்பர் அல்ல.

ஃபிரெடரிக் வெர்தாம் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய மனநல மருத்துவர். 1954இல் 'செடக்‌ஷன் ஆஃப் தி இன்னசன்ட்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். பிள்ளைகள் கெட்டுப்போவதில் காமிக்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது அதன் வாதம். புத்தகத்தின் பெரும்பகுதி குற்றக்கதைகளையும் திகில் கதைகளையும் பற்றியது. நடுவில் சில பக்கங்களில் பேட்மேனும் ராபினும் மாட்டிக்கொள்கிறார்கள். பெரிய மாளிகை, ஜாடி நிறையப் பூக்கள், ஏவலுக்கு ஒரு பணியாள், வீட்டில் பெண் என்று யாருமில்லை. இது இரு ஆண்கள் சேர்ந்து வாழும் ஆசைக்கனவு என்று அவர் முடிவுகட்டினார். வொண்டர் உமனைச் சிறுமிகளுக்கான அதே ஆபத்து என்றார்.

காமிக்ஸ் ரசிகர்கள் நடுவில் வெர்தாம் என்ற பெயர் இன்றும் வசவுதான். ஆனால் அவரை வெறும் வில்லனாக்கி முடித்துவிட முடியாது. 1946இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில், லாஃபார்க் மருத்துவ நிலையத்தைத் தொடங்கியவர் அவர். கருப்பின மக்களுக்கு மனநல மருத்துவம் எட்டாக்கனியாக இருந்த காலத்தில் அங்கே 25 சென்ட் கொடுத்தால் மருத்துவரைப் பார்க்கலாம். அதுவும் இல்லாதவர் சும்மாவே பார்க்கலாம். பள்ளிகளில் நிறத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரிப்பது அவர்கள் மனத்தை என்ன செய்கிறது என்று அவர் செய்த ஆய்வு டெலவேர் மாநில வழக்கில் சாட்சியமானது. அந்த வழக்கு பிறகு புகழ்பெற்ற பிரவுன் வழக்கோடு சேர்ந்தது. பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று 1954இல் தீர்ப்பு வந்தது. அதே ஆண்டில்தான் எங்களைப் பற்றிய அந்தப் பக்கங்களும் அச்சேறின.

அவருடைய குறிப்புகளும் கோப்புகளும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் நெடுங்காலம் மூடிக் கிடந்தன. 2010இல் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரல் டில்லி அங்கே உட்கார்ந்து, புத்தகத்தில் நோயாளிகள் பேசியதாக வரும் பகுதிகளை மூலக் குறிப்புகளோடு ஒத்துப் பார்த்து 2012இல் கட்டுரை வெளியிட்டார். வெர்தாம் வாக்குமூலங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார், மிகைப்படுத்தியிருக்கிறார் என்று அதில் காட்டினார். பேட்மேன் பகுதியில் ஓர் இளைஞன் பேசுவதாக வருகிறது. மூலக் குறிப்பில் இருப்பது இரண்டு பேர். சில ஆண்டுகளாக ஒருவரோடொருவர் உறவில் இருந்தவர்கள். அந்த இருவரையும் சேர்த்து ஒரே ஆளாக்கிவிட்டார். இன்னொன்றையும் விட்டுவிட்டார். தங்களை அதிகம் ஈர்த்தவர்கள் டார்சானும் சப்-மரினரும்தான் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

டில்லியின் கட்டுரை ஒரு மருத்துவரின் மோசடியைக் காட்டியது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். நான் அதைப் படித்தபோது என் கண்ணில் பட்டது அந்த இருவர். 1950களுக்கும் முன்பு, நியூயார்க்கில், சேர்ந்து காமிக்ஸ் படித்த ஓர் இணை. அவர்களுக்கு ரசனை இருந்திருக்கிறது. யாரை அதிகம் பிடிக்கும் என்று தரம் பிரித்துச் சொல்லும் அளவுக்கு விவாதித்தும் இருக்கிறார்கள். சப்-மரினர் சின்னஞ்சிறு நீச்சலுடையோடு கடலிலிருந்து எழுந்து வருகிறவர். டார்சானின் உடையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பேட்மேனோ உச்சி முதல் பாதம் வரை மூடிக்கொண்டவர். அந்த இருவரின் தேர்வில் நான் குறை காண மாட்டேன். எங்கள் ரசிகர் மன்றத்தின் முதல் உறுப்பினர்கள் என்று அவர்களைத்தான் நான் கணக்கில் வைத்திருக்கிறேன். ஒரு மருத்துவக் கோப்பில் மட்டும் மிஞ்சியவர்கள்; அதிலும் ஒருவராகக் குறுக்கப்பட்டவர்கள்.

வொண்டர் உமன் விஷயத்தில் வெர்தாமின் மூக்கு முற்றிலும் தப்பாக மோப்பம் பிடித்தது என்றும் சொல்ல மாட்டேன். அவளை 1941இல் உருவாக்கிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் ஓர் உளவியலாளர். மனைவி எலிசபெத், ஆலிவ் பைர்ன் ஆகிய இருவரோடும் ஒரே வீட்டில் வாழ்ந்தார். இரண்டு பெண்களுக்கும் அவரால் பிள்ளைகள். 1947இல் அவர் இறந்த பிறகும் அந்த இரண்டு பெண்களும் பிரியவில்லை. பிள்ளைகளைச் சேர்ந்தே வளர்த்து, ஆலிவ் இறக்கும்வரை ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள். பெண்கள் மட்டுமே வாழும் தீவிலிருந்து வந்த நாயகி அந்த வீட்டில் பிறந்தவள்.

1954இல் அமெரிக்க செனட்டின் துணைக்குழு காமிக்ஸ் பற்றி விசாரித்தது.  அரசு சட்டம் போடுவதற்குள் பதிப்பாளர்களே முந்திக்கொண்டு அந்த ஆண்டின் இறுதிக்குள் 'காமிக்ஸ் கோட்' என்ற தணிக்கை விதிகளை எழுதிக்கொண்டார்கள். அட்டையின் மூலையில் அதன் முத்திரை இல்லாத இதழைப் பெரும்பாலான விநியோகஸ்தர்கள் எடுக்கவில்லை. இயல்பு மீறிய பாலுறவு என்று அன்று கருதப்பட்ட எதையும் காட்டக்கூடாது, கோடிகாட்டவும் கூடாது என்பது விதிகளில் ஒன்று. 1956இல் பேட்மேனுக்குத் துணையாக பேட்வுமன் வந்தாள். காத்தி கேன் என்ற பணக்காரப் பெண். கைப்பையில் உதட்டுச்சாயம், முகப்பூச்சு வடிவில் ஆயுதங்கள். பேட்மேனின் ஆண்மைக்கு நற்சான்றிதழாகவே அவளை அனுப்பினார்கள் என்பது ரசிகர்களின் ஒருமித்த கருத்து. அவள் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து வேறு வேடத்தில் வருவாள்.

கோடிகாட்டவும் கூடாது என்று எழுதிவைத்தவர்களுக்குக் காமிக்ஸ் என்ற வடிவம் எப்படி இயங்குகிறது என்பது தெரியவில்லை. ஸ்காட் மெக்கிளவுட் 1993இல் எழுதிய 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' நூலில் விளக்குவதுபோல, இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் நடப்பதை வாசகர்தான் நடத்தி முடிக்கிறார். முதல் கட்டத்தில் கோடரி ஓங்குகிறது, அடுத்ததில் இரவு வானத்தில் ஓர் அலறல். கொன்றவர் வாசகர். தணிக்கையாளர் கட்டங்களைத்தான் கத்தரிக்க முடியும், இடைவெளியை என்ன செய்வார்? முகமூடி நாயகருக்குப் பகலில் ஒரு பெயர், இரவில் ஒரு பெயர். வீட்டாருக்குத் தெரியக்கூடாத ஒரு வாழ்க்கை. தெரிந்தால் நேசிப்பவர்களுக்கு ஆபத்து என்ற அச்சம். இதைப் படிக்கிற பதின்வயதுத் தன்பாலீர்ப்பாளருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டிலும் இது நடந்தது என்பதற்கு நானே சாட்சி. 1972இல் முத்து காமிக்ஸ் முதல் வெளியீடாகக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியை உங்களில் பலர் அறிவீர்கள். பிரிட்டனின் 'ஸ்டீல் கிளா' கதைதான் அது. உடலில் மின்சாரம் பாய்ந்தால் மாயாவி மறைந்துவிடுவார், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். நண்பர்கள் எல்லோரும் மறைந்துபோகும் சக்திக்கு ஆசைப்பட்டார்கள். மறையாத அந்தக் கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. எவ்வளவு மறைத்தாலும் ஏதோ ஒன்று காட்டிக்கொடுத்துவிடும் என்பது அந்த வயதில் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

இந்த மறைவாசிப்புக்கு மிகப் பெரிய மைதானமாக அமைந்தது எக்ஸ்-மென். 1963இல் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் தொடங்கிய தொடர். பிறவியிலேயே வேறுபட்டவர்கள், பருவ வயதில் வெளிப்படும் சக்தி, அதைக் கண்டு அஞ்சும் பெற்றோர், சேர்த்துக்கொள்ளும் ஒரு பள்ளி. இனவெறுப்புக்கான உருவகம் என்று அதைச் சொல்வதுண்டு. ஆனால் கருப்பினக் குழந்தையின் பெற்றோர் கருப்பினத்தவர்களாகவே இருப்பார்கள். வீட்டுக்குள் அது தனியாள் அல்ல. சொந்த வீட்டிலேயே தன்னைப்போல் யாரும் இல்லாமல் வளர்வது எங்கள் அனுபவம். 2003இல் வந்த இரண்டாவது எக்ஸ்-மென் படத்தில் ஐஸ்மேனின் தாய், மாறிக்கொள்ள முயன்று பார்த்தாயா என்ற தொனியில் மகனைக் கேட்கும் காட்சியில் திரையரங்கில் சிலர் மட்டும் சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அந்த ஐஸ்மேன் காமிக்ஸில் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்பட்டது 2015இல்தான்.

உருவகத்தில் ஒரு கோளாறும் உண்டு. ரசிகர்களான நாங்களே அதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். எக்ஸ்-மென்னில் ஒருவரான சைக்ளாப்ஸ் கண்ணைத் திறந்தால் கட்டிடம் இடிந்துவிடும். அவரைக் கண்டு ஊர் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. எங்களைக் கண்டு அஞ்ச என்ன இருக்கிறது? மேலும், உருவகம் என்பது பதிப்பாளருக்கு வசதியான ஏற்பாடு. எங்கள் காசும் வரும், எதிர்ப்பவர்களின் காசும் வரும். மிஸ்டிக், டெஸ்டினி என்ற இரண்டு பெண் பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டினி 1981இல் அறிமுகமானாள். இருவரும் இணை என்பதைக் கதாசிரியர் கிறிஸ் கிளேர்மான்ட் எழுதாமல் எழுதினார். சேர்ந்து வாழ்ந்தார்கள், ரோக் என்ற பெண்ணை வளர்த்தார்கள். எக்ஸ்-மென் நாயகன் நைட்கிராலர் அந்த இருவருக்கும் பிறந்தவன், உருமாறும் ஆற்றல் கொண்ட மிஸ்டிக் தந்தையானாள் என்று சொல்ல அவர் விரும்பினார். அப்போது அனுமதி இல்லை. 2023 நவம்பரில் வந்த ஓர் இதழில்தான் அது கதையானது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பெற்றோரை நினைவில் காத்து வைத்திருந்தவர்கள் வாசகர்கள்தாம். இடையில் எக்ஸ்-மென்னை வெளியிடும் மார்வெல் நிறுவனம் டெஸ்டினியை 1989இல் சாகடித்தும்விட்டது.

இனி நார்த்ஸ்டார். கனடாவின் கியூபெக் பகுதியைச் சேர்ந்த பனிச்சறுக்கு வீரர் ழான்-பால் போபியே; பறப்பார், மின்னல் வேகம், கொஞ்சம் திமிர். 1979இல் எக்ஸ்-மென் இதழில் வந்து, 1983இல் 'ஆல்ஃபா ஃபிளைட்' தொடரில் நிலைத்தார். அவரைத் தன்பாலீர்ப்பாளராகவே தான் மனத்தில் வைத்து எழுதியதாகத் தொடரின் ஆசிரியர் ஜான் பர்ன் பின்னால் சொன்னார். வெளிப்படையாகச் சொல்ல வழியில்லாததால் குறிப்பாக உணர்த்தினார். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு தொடரை எழுதவந்த பில் மான்ட்லோ காலத்தில் நார்த்ஸ்டார் நோய்வாய்ப்பட்டார். இருமல், பலவீனம், மாதாமாதம் மெலிந்துகொண்டே போகும் உடம்பு. ஆண்டு 1987. அமெரிக்க நகரங்களில் தன்பாலீர்ப்பாளர்கள் எய்ட்ஸில் செத்துக்கொண்டிருந்த காலம். கதை எங்கே போகிறது என்று வாசகர்களுக்குத் தெரிந்துவிட்டது. கதாசிரியரின் எண்ணமும் அதுதான் என்று பரவலாகச் சொல்லப்பட்டது. கடைசியில் என்ன ஆயிற்று? அவர் முழு மனிதரே அல்ல, பாதி தேவதைக் குலத்தவர், பூலோகக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை, சொந்த உலகத்துக்குப் போனால் சரியாகிவிடும் என்று முடித்தார்கள். பிற்பாடு அதுவும் பொய், லோகி என்ற வில்லன் செய்த சதி என்று மாற்றினார்கள். நண்பரை மருத்துவமனையில் வைத்துவிட்டு வந்து இந்த இதழைப் பிரித்த வாசகர் ஒருவராவது இருந்திருப்பார். எனக்கு அந்தப் பக்கங்களைச் சிரிக்காமலும் படிக்க முடியவில்லை, சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவும் முடியவில்லை.

1989இல் தணிக்கை விதி தளர்ந்தது. 1992இல், 'ஆல்ஃபா ஃபிளைட்' 106ஆம் இதழில், ஸ்காட் லாப்டெல் எழுத, நார்த்ஸ்டார் தான் யார் என்பதை ஒரு சண்டையின் நடுவே உரக்கச் சொன்னார். மார்வெலின் கதாநாயகர் ஒருவர் அப்படிச் சொன்னது அதுவே முதல் தடவை. இதழ் விற்றுத் தீர்ந்தது, செய்தித்தாள்கள் எழுதின. கதை என்று பார்த்தால் சுமார்தான். குப்பையில் கண்டெடுத்த குழந்தைக்கு எய்ட்ஸ். மகனை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த ஒரு பழைய நாயகர். கத்திக்கொண்டே குத்துவிடும் இருவர். அதற்குப் பிறகு 1994இல் நார்த்ஸ்டாரின் பெயரிலேயே ஒரு குறுந்தொடர் வந்தது. அவர் தன்பாலீர்ப்பாளர் என்ற பேச்சே அதில் கிட்டத்தட்ட இல்லை. அறிவிப்பு ஒரு மாதத்து விற்பனை. அதன் பின் வாழ்க்கை என்று ஒன்றை எழுதவேண்டுமே, அதற்கு ஆளில்லை. 2012இல் அவர் தம் காதலர் கைல் ஜினாடுவை மணந்தார். நியூயார்க் மாநிலம் ஒருபால் திருமணத்தை ஏற்று அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. சட்டம் மின்னல் வேக வீரரை முந்திக்கொண்டது.

இந்த இடைக்காலத்தில் ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 1988 முதல் சான் டியேகோ காமிக்-கானில் தன்பாலீர்ப்பு வாசகர்களும் படைப்பாளர்களும் கூடும் கலந்துரையாடல் அரங்கை எழுத்தாளர் ஆண்டி மாங்கெல்ஸ் நடத்திவந்தார். 2003இல் ப்ரிஸம் காமிக்ஸ் என்ற அமைப்பு உருவானது. ஓவியர் ஃபில் ஹிமினெஸ் 1990களின் நடுவில் டிசி நிறுவனத்துக்காக 'டெம்பஸ்ட்' என்ற குறுந்தொடர் வரைந்தார். கடைசி இதழில் கடிதப் பக்கத்தில் தம் காதலரை நினைவுகூர்ந்தார். அதே நிறுவனத்தில் பணியாற்றி எய்ட்ஸில் இறந்த நீல் பாஸ்னர்தான் அந்தக் காதலர். அதற்கு வாசகர் கடிதங்கள் குவிந்தன. முகமூடி நாயகர்களின் வரலாற்றில் இந்தக் கடிதப் பக்கம் யாருடைய முதல் முத்தத்தையும்விட எனக்குப் பெரியது.

பெருநிறுவனங்கள் தயங்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தெருவில் வேறு ஆட்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். முத்திரையே தேவைப்படாத தலைமறைவு காமிக்ஸ் உலகம் அது. 1972இல் ட்ரினா ராபின்ஸ் ஒரு லெஸ்பியன் பெண் தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும் சிறுகதையை வரைந்தார். அதில் மனநிறைவில்லாத மேரி விங்ஸ், தானே ஒரு லெஸ்பியன் என்பதால், மறு ஆண்டே தன் கதையை 'கம் அவுட் காமிக்ஸ்' என்று எழுதி, போர்ட்லண்டில் பெண்கள் கராத்தே கூட்டுறவின் நிலவறையில் அச்சடித்தார். 1980இல் 'கே காமிக்ஸ்' என்ற இதழ் தொடங்கியது. முதல் ஆசிரியர் ஹோவர்ட் க்ரூஸ், அலபாமாவில் பிறந்த ஒரு பாதிரியாரின் மகன்.

க்ரூஸைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச அனுமதி கேட்கிறேன். 1995இல் வந்த அவருடைய 'ஸ்டக் ரப்பர் பேபி' இருநூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட கிராஃபிக் நாவல். 1960களின் அமெரிக்கத் தென்பகுதி; கிளேஃபீல்ட் என்ற கற்பனை ஊர், அசலில் பர்மிங்ஹாம். டோலண்ட் போல்க் என்ற வெள்ளை இளைஞன் தான் தன்பாலீர்ப்பாளன் இல்லை என்று தனக்கே நிரூபித்துக்கொள்ள முயல்கிறான். ஒரு பெண் கருவுறுகிறாள். நண்பன் ஒருவன் கொல்லப்படுகிறான். சுற்றிலும் கருப்பின மக்களின் உரிமைப் போராட்டம், குண்டுவெடிப்பு, ஊர்வலம். கோழைத்தனத்தை இவ்வளவு பொறுமையாக வரைந்த இன்னொரு புத்தகம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கட்டத்திலும் குறுக்குக் கோடுகள் நெருக்கமாக விழுந்து முகங்களுக்கே சதை கூட்டியிருக்கும். இரண்டு ஆண்டில் முடிப்பதாகத் திட்டமிட்ட வேலை நான்கு ஆண்டுகள் இழுத்தது. இதை வெளியிட்டது பேட்மேனை வெளியிடும் அதே டிசியின் ஒரு கிளை. சொந்த நாயகருக்கு மறுத்ததைப் பக்கத்து அறையில் அனுமதித்திருக்கிறார்கள்.

2006ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு இரண்டு நிகழ்வுகள். அலிசன் பெக்டெலின் 'ஃபன் ஹோம்' வந்தது. பென்சில்வேனியாவின் பீச் கிரீக் என்ற சிற்றூர், ஆங்கில ஆசிரியராகவும் ஈமச்சடங்கு நிலையம் நடத்துபவராகவும் இருந்த தந்தை, பழைய மாளிகையை இழைத்து இழைத்துப் புதுப்பிக்கும் அவருடைய வெறி, அவர் மறைத்த ஆண்-ஆண் உறவுகள், தான் லெஸ்பியன் என்று மகள் கடிதம் எழுதிய சில மாதங்களில் லாரி மோதி அவர் இறந்தது. ஏழு ஆண்டு உழைப்பு. ஒவ்வொரு கட்டத்துக்கும் பாத்திரங்களின் நிலையில் தானே நின்று புகைப்படம் எடுத்து வரைந்தார். டைம் இதழ் அதை அந்த ஆண்டின் சிறந்த நூல் என்றது. 2015இல் அதன் இசைநாடக வடிவம் சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றது.

அதே 2006இல் டிசி புதிய பேட்வுமனை அறிவித்தது. பெயர் கேட் கேன். பேட்மேனின் நற்பெயரைக் காக்க 1956இல் வந்தவளின் இடத்தில் இப்போது ஒரு லெஸ்பியன். கணக்கைத் தீர்த்துவிட்டார்கள் என்று நாங்கள் கொண்டாடினோம். 2009இல் கிரெக் ரக்கா எழுத, ஜே. ஹெச். வில்லியம்ஸ் வரைந்த கதை அந்தக் கொண்டாட்டத்துக்குத் தகுதியானது. கேட் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் முதன்மையான மாணவி. தன்பாலீர்ப்பாளர்கள் வாய் திறக்காமல் இருந்தால் மட்டுமே ராணுவத்தில் இருக்கலாம் என்ற விதி 2011 வரை அங்கே இருந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம் என்று மேலதிகாரி வழிகாட்டுகிறார். அவள் பொய் சொல்ல மறுத்து வெளியேறுகிறாள். உருவகம் இல்லை, தேவதைக் குலம் இல்லை. நாட்டில் நடைமுறையில் இருந்த ஒரு விதி, அதனால் ராணுவக் கல்வியை இழந்த ஒரு பெண்.

2013இல் கேட், காவல் அதிகாரி மேகி சாயரிடம் திருமணம் பேசினாள். திருமணம் நடக்கக்கூடாது என்று நிறுவனம் சொல்லிவிட்டது. வில்லியம்ஸும் உடன் எழுதிய ஹேடன் பிளாக்மனும் விலகினார்கள். நாயகர்கள் சொந்த வாழ்க்கையில் மகிழ்ச்சியாக இருக்கக் கூடாது, அது அவர்களின் தியாகம் என்று டிசி தரப்பில் டான் டிடியோ விளக்கம் கொடுத்தார். இதில் வஞ்சம் மட்டுமே இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஸ்பைடர்மேனின் இருபது வருடத் திருமணத்தை 2007இல் ஒரு பேயோடு பேரம் பேசி மார்வெல் அழித்தது. 2011இல் டிசி தன் கதையுலகத்தையே புதிதாகத் தொடங்கியபோது சூப்பர்மேனின் திருமணம் காணாமல் போனது. ஆனால் அவர்களுக்கெல்லாம் கல்யாணம் நடந்தது, புகைப்படம் போல் அந்த இதழ் இருக்கிறது, பிறகுதான் பறிபோனது. கேட்டுக்கோ பறிக்கவும் ஒன்று கிடைக்கவில்லை. ஃபன் ஹோமும் பேட்வுமனும் ஒரே ஆண்டில் பிறந்தவை; ஒன்றுக்கு உரிமையாளர் அதை எழுதியவர், மற்றொன்றுக்கு உரிமையாளர் ஒரு நிறுவனம். கிராஃபிக் நாவல் சாதித்ததைச் சூப்பர் ஹீரோ சாதிக்காததற்குத் திறமைக் குறைவைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் முடிவு.

வாசகர்கள் என்ன செய்ய முடியும் என்பதை 2019 செப்டம்பரில் பிரேசில் காட்டியது. ரியோ டி ஜெனிரோ புத்தகக் கண்காட்சியில் 'யங் அவெஞ்சர்ஸ்' நாயகர்களான விக்கனும் ஹல்க்லிங்கும் முத்தமிடும் ஒரு கட்டம் கொண்ட அவெஞ்சர்ஸ் தொகுப்பு விற்பனையில் இருந்தது. இருவரும் முழு உடையில்தான் இருந்தார்கள். நகர மேயர் மார்செலோ கிரிவெல்லா, மதபோதகராகவும் இருந்தவர், அதை அகற்ற உத்தரவிட்டார். அதிகாரிகள் வருவதற்குள் பிரதிகள் விற்றுத் தீர்ந்துவிட்டன. ஃபெலிப்பே நேட்டோ என்ற யூடியூபர் கண்காட்சியிலிருந்த பால்புதுமை நூல்களில் 14,000 பிரதிகளை வாங்கி, கருப்பு உறை போட்டு இலவசமாகக் கொடுத்தார். ஃபோல்யா டி சாவ் பாவ்லோ நாளிதழ் அந்த முத்தக் கட்டத்தை முதல் பக்கத்தில் அச்சிட்டது. உச்ச நீதிமன்றம் தடைக்குத் தடை போட்டது. சில ஆயிரம் பேர் மட்டும் பார்த்திருக்கக்கூடிய முத்தத்தை மேயர் நாடு முழுவதற்கும் காட்டிக்கொடுத்தார்.

2021இல் இரண்டு செய்திகள் வந்தன. ஆகஸ்டில் ராபின் ஒரு நண்பனோடு வெளியே போகச் சம்மதித்தான். நவம்பரில் சூப்பர்மேனின் மகன் ஜான் கென்ட், ஜே நாகமுரா என்ற இளம் பத்திரிகையாளரை முத்தமிட்டான். ராபின் என்றதும் வெர்தாம் ஜெயித்துவிட்டார் என்று சிலர் கேலி செய்தார்கள். ரசிகன் என்ற முறையில் ஒரு திருத்தம்: வெர்தாம் எழுதியது டிக் கிரேசனைப் பற்றி, இவன் 1989இல் அறிமுகமான டிம் டிரேக். வேறு பையன். இரண்டு தொடர்களும் என்ன ஆயின என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிம் டிரேக்கின் தனித்தொடர் 10 இதழ்களில் நின்றது. ஜான் கென்ட்டின் தொடர் 18 இதழ்களில் முடிந்தது. ஐஸ்மேனின் தனித்தொடர் 2017இல் தொடங்கி 11 இதழ், பிறகு மீண்டும் தொடங்கி 5 இதழ். யார் யாரை விரும்புகிறார்கள் என்ற அறிவிப்புக்கு நான் இப்போதெல்லாம் கைதட்டுவதில்லை. ஐம்பதாவது இதழ் வரட்டும், தட்டுகிறேன்.

எதிர்ப்பு நூலகங்களுக்கு இடம் மாறிவிட்டது. மாயா கோபாபியின் 'ஜெண்டர் குயர்' என்ற தன்வரலாற்றுக் கிராஃபிக் நூல் 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அமெரிக்க நூலகங்களில் மிக அதிக ஆட்சேபத்துக்கு உள்ளான நூலாக அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியலில் முதலிடம் பெற்றது. எடுத்துவிடுங்கள் என்று சண்டைபோட அங்கே அலமாரியில் புத்தகமாவது இருக்கிறது.

நம் நாட்டிலும் ஒருவர் முன்பே வரைந்திருக்கிறார். அம்ருதா பாட்டீலின் 'காரி' 2008இல், அதாவது ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைப் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பத்து ஆண்டுகள் முன்பு, ஆங்கிலத்தில் வந்தது. இரண்டு பெண்கள் மாடியிலிருந்து குதிப்பதில் தொடங்கும் கதை; சாக்கடையில் விழுந்து பிழைக்கும் காரி புகைமூட்டமான ஒரு பெருநகரத்தில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். சூப்பர் ஹீரோ இல்லை. மை படிந்த, வாடை அடிக்கிற, நகைச்சுவை குறையாத புத்தகம். தமிழில் வரைகிற மாணவர்கள் இங்கே இருந்தால் அவர்கள் முதலில் படிக்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

துறைத்தலைவர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். இந்தச் சொற்பொழிவுக்காக எனக்கு மதிப்பூதியம் தருவதாகச் சொன்னீர்கள். அந்தத் தொகைக்கு 'ஸ்டக் ரப்பர் பேபி', 'ஃபன் ஹோம்', 'காரி' ஆகிய மூன்றையும் வாங்கித் துறை நூலகத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தால் மீதியை நான் தருகிறேன். நூற்பட்டியலில் ஏற்றி, எண் ஒட்டி, மாணவர்கள் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகும் அலமாரியில் வையுங்கள். பூட்டு போட்ட பீரோவில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.